சைக்கிளைப் பற்றிக் கேட்டால் வாய் திறந்து பேசுங்கள்

(சுங்கை பாக்காப் வட்டாரத் தோட்டப் பெற்றோரும் மாணவரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

   

ஆங்கில வாய்மொழிப் பரீட்சையைப் பற்றிப் பேசும்படி எங்களை அழைத்திருக்கிறீர்கள். ஆங்கிலம் முழுவதையும் ஒரு மாலைப் பொழுதில் பேசி முடிக்க முடியாது. ஆகவே ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். அது சைக்கிள். லயத்துக்கு லயம் சுவரில் சாய்ந்து நிற்கிறதே, அதே சைக்கிள்தான். அதைப் பற்றி ஓர் அந்நியர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் நம் பிள்ளை எப்படி விடை சொல்ல வேண்டும்? இதை ஒழுங்காகப் பழகிவிட்டால் வீடு, மழை, சாப்பாடு, திருவிழா என்று எதைக் கேட்டாலும் அதே வழியில் சொல்லிவிடலாம்.

சைக்கிள் ஏன் பரீட்சைக்கு வருகிறது என்று சிலர் நகைக்கலாம். பேச்சுப் பரீட்சையில் பிள்ளையின் படிப்பறிவைச் சோதிப்பதில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒரு பொருளைக் கொடுத்து, அதைப் பற்றி எப்படிப் பேசுகிறான் என்றே பார்க்கிறார்கள். ஆகவே நமக்குத் தெரிந்த பொருள் வருவது நமக்கு லாபமே. ஆனால் அந்த லாபத்தை நம் பிள்ளைகள் கையில் எடுப்பதில்லை. "உனக்குச் சைக்கிள் உண்டா?" என்று கேட்டால் "எஸ்" என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்க்கிறார்கள். வீட்டிலோ அதே சைக்கிளைப் பற்றி அண்ணனும் தம்பியும் அரைமணி நேரம் வழக்காடுகிறார்கள்! பேச விஷயம் இல்லாமலா இப்படி? விஷயம் இருக்கிறது, வாய்தான் திறக்கவில்லை.

இதனால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். கணக்கைப் பாருங்கள். 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் பேச்சுக்குத் தனித்தாள் இருக்கிறது. இரண்டு மாணவர்கள் சேர்ந்து பரீட்சகர்முன் அமர்கிறார்கள். முதலில் தன்னைப் பற்றிய கேள்விகள், அடுத்துக் கொடுத்த பொருளைப் பற்றித் தனியாகப் பேசுவது, பிறகு இருவரும் கலந்து பேசுவது என்று மூன்று பகுதி. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்கள் எழுதும் மூயெட் பரீட்சை 1999-இல் வந்தது. அதில் பேச்சுக்கு நான்கில் ஒரு பங்கு மதிப்பெண். வெளிநாட்டில் படிக்கவோ தாதி வேலைக்குப் போகவோ நினைப்பவர் பலரும் எழுதுவது ஐயெல்ட்ஸ். அது 1989-இல் தொடங்கியது. அதிலும் பேச்சு நான்கில் ஒரு பாகம்; 11 முதல் 14 நிமிடம் வரை நேருக்கு நேர் பேச வேண்டும். அதற்குக் கட்டும் பணமோ ஒரு தொழிலாளியின் பல நாள் கூலி. அவ்வளவு பணத்தைக் கட்டிவிட்டு "எஸ்", "நோ" என்று சொல்லிவிட்டு வரலாமா?

கிராணி வேலையில் இருக்கும் நாங்கள் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆபீசில் துரை உள்ளே இருப்பார். தொழிலாளி வாசலில் நிற்பார். நடுவே கிராணி நின்று ஒருவர் பேச்சை மற்றவருக்கு மொழிபெயர்ப்பார். தொழிலாளி சொன்னதில் முழுவதும் உள்ளே போனதா, பாதி போனதா, அவருக்குத் தெரியாது. தன் குறையைத் தன் வாயால் சொல்ல முடியாதவனுக்கு இன்னொருவன் வாயே கதி. அந்த நிலை மாறத்தான் சங்கம் தொழிலாளியை எழுந்து நின்று பேசப் பழக்கியது. இன்று அவருடைய பேரப்பிள்ளை பரீட்சகர்முன் உட்காரும்போது நடுவே கிராணி கிடையாது. அவனே பேச வேண்டும்.

இனி, பாடத்துக்கு வருவோம்.

ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள்

பரீட்சகர் கேட்கிறார்: "டூ யூ ரைட் எ பைசிகிள்?" நீ சைக்கிள் ஓட்டுவதுண்டா?

"எஸ்" என்றால் மொழியும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. அவர் எதை வைத்து அளப்பார்? நிறுக்கப் பால் இல்லாமல் வாளியை மட்டும் ஸ்டோருக்குக் கொண்டுபோனது போலத்தான் அது.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "எஸ், ஆல்மோஸ்ட் எவ்ரி டே. ஐ ரைட் டு த மெயின் ரோட், பிகாஸ் த ஸ்கூல் பஸ் டஸன்ட் கம் இன்டு த எஸ்டேட்." பள்ளிப் பஸ் தோட்டத்துக்குள் வராததால் பெருஞ்சாலை வரை தினமும் சைக்கிளில் போகிறேன் என்று பொருள். இதில் கடினமான சொல் ஏதாவது இருக்கிறதா? இல்லை. ஆனால் மூன்று காரியங்கள் நடந்திருக்கின்றன. முதலில் கேள்விக்கு நேரான விடை. அடுத்து, எங்கே, எப்போது என்ற விவரம். கடைசியில், ஏன் என்ற காரணம். நேர்விடை, விவரம், காரணம். இந்த மூன்றையும் விரல்விட்டு எண்ணிப் பழகுங்கள். தன்னைப் பற்றிய சிறு கேள்விக்கு இரண்டு அல்லது மூன்று வாக்கியம் போதும். அதற்குமேல் நீட்டினால் பரீட்சகரே நிறுத்திவிடுவார்.

சைக்கிளே ஓட்டத் தெரியாத பிள்ளை என்ன செய்வது? பொய் சொல்லத் தேவையில்லை. "நோ, ஐ நெவர் லேர்ன்ட். வீ ஹேட் ஒன்லி ஒன் பைசிகிள் அட் ஹோம், அண்ட் மை பிரதர் ஆல்வேஸ் டுக் இட்." வீட்டில் ஒரே சைக்கிள், அதையும் அண்ணன் எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்ற விடை எவ்வளவு அழகாக இருக்கிறது! "இல்லை" என்பதும் நல்ல விடைதான், காரணம் பின்னால் வந்தால்.

காலம் தவறக்கூடாது

அடுத்து ஒரு கேள்வி வரும்: "டிட் யூ ஹேவ் எ பைசிகிள் வென் யூ வேர் எ சைல்ட்?" சின்ன வயதில் உனக்குச் சைக்கிள் இருந்ததா?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கேள்வி பழைய காலத்தில் இருக்க, விடை "ஐ ஹேவ்" என்று இன்றைக்கு வந்துவிடுகிறது. பள்ளியில் நாள் முழுதும் மலாய் பேசுகிறார்கள். மலாயில் வினைச்சொல் காலத்துக்காக உருமாறுவதில்லை. தனிச்சொல் சேர்த்தே காலத்தைக் காட்டுவார்கள். அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் நுழைந்துவிடுகிறது. ஆனால் நம் தாய்மொழி நமக்குத் துணை நிற்கிறது. வெட்டினேன், வெட்டுகிறேன், வெட்டுவேன் என்று நம் வீட்டுக் குழந்தையும் காலம் பிரித்தே பேசுகிறது. ஆகவே விடையை முதலில் மனத்துக்குள் தமிழில் கேளுங்கள். "ஓட்டினேன்" என்று வந்தால் ஆங்கிலத்தில் "ஐ ரோட்". "ஓட்டுகிறேன்" என்று வந்தால் "ஐ ரைட்". முன்னெல்லாம் வழக்கமாக ஓட்டி, இப்போது விட்டுவிட்டதானால் "ஐ யூஸ்ட் டு ரைட்".

ஒரு விடை பாருங்கள்: "எஸ், பட் இட் வாஸ் மை கிராண்ட்ஃபாதர்ஸ் பைசிகிள். ஹீ யூஸ்ட் டு கேரி லேடெக்ஸ் ஆன் இட். இட் வாஸ் டூ பிக் ஃபார் மீ, ஸோ ஐ புட் ஒன் லெக் அண்டர் த பார் அண்ட் பெடல்ட்." தாத்தா பால் ஏற்றிய பெரிய சைக்கிள், இருக்கையில் உட்கார்ந்தால் கால் எட்டாது, கம்பிக்கடியில் ஒரு காலை விட்டு மிதித்தேன். தமிழ்நாட்டில் இதைக் குரங்குப் பெடல் என்பார்கள். இந்த விடையை எந்தப் புத்தகத்திலும் வாங்க முடியாது. இது தோட்டத்துப் பிள்ளையின் சொந்தச் சொத்து.

நம் பேச்சில் உள்ள சில களைகள்

தமிழில் காரையும் ஓட்டுகிறோம், சைக்கிளையும் ஓட்டுகிறோம். ஆங்கிலத்தில் காருக்கு "டிரைவ்", சைக்கிளுக்கு "ரைட்". "ஐ டிரைவ் பைசிகிள்" என்றால் கேட்பவர் சிரிப்பார்.

நம்மிடையே "பைக்" என்றால் மோட்டார் சைக்கிள். சைக்கிளைப் பற்றிய கேள்வியில் பரீட்சகர் "பைக்" என்று சொன்னால் அது மிதித்து ஓட்டும் சைக்கிள்தான். எண்ணெய் ஊற்றுவதைப் பற்றி விடை சொல்லாதீர்கள்.

"மை ஃபாதர் காட் பைசிகிள்" என்று நாட்டு வழக்கில் சொல்கிறோம். "மை ஃபாதர் ஹேஸ் எ பைசிகிள்" என்பதே முறை. அந்தச் சிறிய "எ" வைப் பாருங்கள். பெயருக்குமுன் அதைப் போட வேண்டும் என்ற கட்டாயம் தமிழில் இல்லை. அதனால் நாம் விட்டுவிடுகிறோம். முதல் தடவை சொல்லும்போது "எ பைசிகிள்". மறுபடி அதே சைக்கிளைச் சொல்லும்போது "த பைசிகிள்".

"ஐ ஃபாலோ மை ஃபாதர் டு தி எஸ்டேட்" என்றால் அப்பாவுக்குத் தெரியாமல் பின்னால் போவது போலாகிவிடும். அப்பாவோடு போனேன் என்பதற்கு "ஐ வென்ட் வித் மை ஃபாதர்" என்க. மணியை "ரிங்" செய்ய வேண்டும், அடிக்கக்கூடாது. டயருக்குக் காற்று அடிப்பது "பம்ப் அப் த டயர்". "புட் ஏர்" என்று சொல்வதை விட இது நன்று. சைக்கிளில் இருந்து விழுந்தேன் என்பதற்கு "ஐ ஃபெல் ஆஃப்". இந்த நான்கைந்து சொற்றொடர்களும் கையில் இருந்தால் சைக்கிளைப் பற்றி எதையும் சொல்லலாம்.

நாக்கைத் திருத்துவது

எழுத்தைப் பார்த்து "பைசைக்கிள்" என்று படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது "பைசிகிள்", "பை" என்ற முதல் அசையில் அழுத்தம். "மோட்டார் சைக்கிள்" என்னும்போது "சைக்கிள்" என்ற ஒலி வரும். எழுத்து ஒன்றாக இருந்தாலும் ஒலி வேறு.

தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடிவதில்லை என்பது நம் இலக்கணம். ஆகவே ஆங்கிலச் சொல்லின் கடைசியில் நம்மை அறியாமலே ஓர் உகரம் ஒட்டிக்கொள்கிறது. ரோடு, பிரேக்கு, பைக்கு, ஹெல்மெட்டு! தமிழில் பேசும்போது இதில் குற்றமில்லை. பரீட்சையில் மட்டும் "ரோட்", "பிரேக்", "பைக்" என்று கதவைச் சாத்துவது போல வெட்டென முடியுங்கள். "எவ்ரி" என்பதை "யெவ்ரி" ஆக்காதீர்கள். இங்கிலாந்துக்காரர் போல மூக்கால் பேசவும் வேண்டாம். உங்கள் குரலில் தெளிவாகச் சொன்னால் போதும். ஐயெல்ட்ஸ் பேச்சில் அளப்பவை நான்கு: தடையின்றித் தொடர்பாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சம மதிப்பு. வெள்ளைக்காரக் குரலுக்கு அதில் மதிப்பெண் கிடையாது.

மனப்பாடம் உதவாது

கடையில் விற்கும் விடைப் புத்தகங்களை நம்பி, பத்து வரியை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறவர்கள் உண்டு. சைக்கிள் என்றதும் எல்லாரும் ஒரே பாட்டு: உடம்புக்கு நல்லது, காற்று மாசுபடாது, செலவில்லை. ஒரே நாளில் பல பேரிடம் இதையே கேட்ட பரீட்சகருக்கு, இது ஒப்புவிப்பு என்று தெரியாதா? அடுத்த கேள்வியில் "ஏன் அப்படிச் சொல்கிறாய்?" என்பார். மனப்பாடம் அங்கே அறுந்துவிடும். பிறகு வாயடைத்து நிற்பதைத் தவிர வழியில்லை.

கருத்து சரியா தவறா என்பதற்கு அங்கே மதிப்பெண் இல்லை, சொல்லும் மொழிக்குத்தான். சைக்கிள் வேண்டும் என்றும் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். கேள்வி விளங்காவிட்டால் "குட் யூ ரிபீட் த க்வெஸ்சன், ப்ளீஸ்?" என்று மரியாதையாகக் கேட்பதும் குற்றமில்லை. விளங்காமல் தலையாட்டுவதுதான் குற்றம்.

பெரிய கேள்விகளுக்குப் பெரிய சரக்கு

கடைசிப் பகுதியில் கேள்வி நம் வீட்டைவிட்டு ஊருக்குப் போகும். மக்கள் சைக்கிளை அதிகம் ஓட்ட வேண்டுமா? சைக்கிளால் உலகில் என்ன மாறுதல் வந்தது? இங்கே "உடம்புக்கு நல்லது" என்பது போதாது. ஆனால் நம் கையில் இருக்கும் சரக்கு வேறு யாரிடமும் இல்லை. சிலவற்றைச் சொல்கிறோம்.

சுங்கை பாக்காப் வழியாக ஓடும் பழைய கூட்டரசுச் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். லாரியும் பஸ்ஸும் ஓடும் சாலையில் சைக்கிளுக்குத் தனிப்பாதை இல்லாவிட்டால் எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? "பீப்பிள் வில் சைக்கிள் மோர் ஒன்லி இஃப் த ரோட்ஸ் ஆர் சேஃப்." சாலை பத்திரமாக இருந்தால்தான் மக்கள் சைக்கிள் எடுப்பார்கள். கண்ணால் கண்டதைச் சொன்ன விடை இது.

தீவுப்பக்கம் ஜார்ஜ் டவுனுக்குப் போயிருப்பீர்கள். அர்மேனியன் வீதிச் சுவரில் இரு பிள்ளைகள் சைக்கிளில் போவதுபோல் 2012-இல் எர்னெஸ்ட் சகரேவிச் என்ற ஓவியர் வரைந்தார். பிள்ளைகள் ஓவியம், சைக்கிளோ நிஜச் சைக்கிள். அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்க உலகத்தார் வருகிறார்கள். அது ஏன் எல்லாருக்கும் பிடிக்கிறது என்று யோசித்து இரண்டு வாக்கியம் சொன்னால் அதுவே நல்ல விடை.

இன்னும் நெருங்கிய செய்தி இருக்கிறது. சைக்கிள் சக்கரம் ஓட ரப்பர் வேண்டும். 1876-இல் விக்ஹம் என்பவர் பிரேசிலில் இருந்து ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அதில் முளைத்த கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. 1888-இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்குப் பதிவுரிமை பெற்றார். அது முதலில் பரவியது சைக்கிளில்தான். அதே 1888-இல் ரிட்லி என்பவர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்று, மரம் சாகாமல் பால்வெட்டும் முறையைக் கண்டு பரப்பினார். 1896-இல் மலாக்காவில் தான் சாய் யான் ரப்பரை வாணிபப் பயிராக நட்டார். சைக்கிளுக்குப் பின் மோட்டார் வண்டி வந்தது. டயர் டயராக உலகம் கேட்டது. செபராங் பிறையில் கரும்பு நின்ற நிலத்திலும் பால்மரம் ஏறியது. இன்று பால்மரம் இருந்த பல இடங்களில் செம்பனை நிற்கிறது. ஆனாலும் நம் பாட்டன் பூட்டன் விடியற்காலையில் நெற்றி விளக்கோடு நிரை ஏறி வெட்டிய பால்தான் அந்த டயர். "மை கிரேட் கிராண்ட்பேரன்ட்ஸ் டேப்ட் த ரப்பர் ஃபார் தோஸ் டயர்ஸ்" என்று ஒரு பிள்ளை நிமிர்ந்து சொன்னால், கேட்டுக்கொண்டிருப்பவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்க மாட்டாரா?

கடைசியாகப் புதுக்கோட்டை. நம்மில் பலருடைய முன்னோர் ஊருக்கு அருகில் உள்ள மாவட்டம் அது. அங்கே 1991-இல் அறிவொளி இயக்கம் நடந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மையார். எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். கல்லுடைக்கும் பெண்கள், வயல் வேலைப் பெண்கள், கிராமத் தாதியர் எல்லாரும் சைக்கிள் ஏறினார்கள். ஊரார் கேலி செய்தார்கள், அவர்கள் நிறுத்தவில்லை. தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, எந்த ஆண் துணைக்கும் காத்திராமல் போய்வந்தார்கள். சைக்கிளால் என்ன மாறுதல் வந்தது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை உண்டா?

பெற்றோர் செய்ய வேண்டியது

"எங்களுக்கே ஆங்கிலம் தெரியாதே, பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்று தாய்மார்கள் கேட்பீர்கள். ஆங்கிலம் தெரியத் தேவையில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப்பின் பத்து நிமிடம் பிள்ளையை எதிரில் உட்கார வையுங்கள். இன்று சைக்கிளில் எங்கே போனாய் என்று தமிழில் கேளுங்கள். தமிழில் முழு விடை சொல்லட்டும். தமிழில் ஒற்றைச் சொல்லோடு நிறுத்துகிற பிள்ளை ஆங்கிலத்திலும் அங்கேயேதான் நிறுத்தும். பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். நிறுத்தினால் "வை?" என்று ஒரு சொல் கேளுங்கள். அந்த ஒரு சொல் தெரிந்தால் போதும், நீங்களே வாத்தியார்.

கைப்பேசி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. விடையைப் பதிவு செய்து பிள்ளையே திரும்பக் கேட்கட்டும். எங்கே நின்றோம், எங்கே "ரோடு" என்றோம், எங்கே காலம் மாறியது என்பதை அவன் காதே காட்டிக்கொடுக்கும். எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேட்கட்டும். ஒருவன் பேசும்போது மற்றவன் கேட்க வேண்டும். கேட்டதற்கு ஒத்தோ மறுத்தோ பேச வேண்டும். தன் முறை வரும்வரை சும்மா இருந்துவிட்டு ஒப்பிப்பது கலந்துரையாடல் ஆகாது. சங்கக் கூட்டத்தில் நாம் அப்படியா பேசுகிறோம்?

தவறாகப் பேசினால் சிரிக்காதீர்கள். இதை அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் குறிப்பாகச் சொல்கிறோம். சைக்கிள் பழகும் பிள்ளை முதல் நாளே விழுகிறது, முழங்கால் சிராய்க்கிறது, நாம் சிரிப்பதில்லை, பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம். ஆங்கிலம் பேசப் பழகும் பிள்ளைக்கும் அதே கை வேண்டும்.

மாணவச் செல்வங்களே! நேர்விடை, விவரம், காரணம். வினையின் காலம். வெட்டென முடியும் ஒலி. உங்கள் சொந்தக் கதை. இவை நான்கும் போதும். ஆங்கிலத்துக்காகத் தமிழை விட்டுவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலம் பிரிக்கத் தமிழே உங்களுக்குத் துணை என்று சற்றுமுன் பார்த்தோம். தமிழில் நன்றாகச் சொல்லத் தெரிந்தவனே வேறு மொழியிலும் நன்றாகச் சொல்வான்.

இன்று இரவே தொடங்குங்கள். கேள்வி சைக்கிளைப் பற்றியதாகவே இருக்கட்டும்.